வலது காலில் ஒரு பிரேக்

குதிரையின் மேல் ஏறுவதற்கு முன் அவள் அதை ஒருமுறை முழுதாகச் சுற்றி வருவாள். குனிந்து குளம்புகளைப் பார்ப்பாள். சேணத்தைக் கட்டியிருக்கும் வயிற்றுவாரை இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பாள். பின்பக்கம் போகும்போது மட்டும் ஒரு கையை அதன் முதுகிலிருந்து எடுக்காமல் போவாள். பிறகு நிமிர்ந்து, "டயர் நாலும் சரி. கிளம்பலாமா மாப்ளே?" என்று கேட்பாள்.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பதை நெருங்கும் வயது, உருண்ட தோள்கள், கனத்த குரல். அவள் ஒருமுறை தொண்டையைச் செருமினால் கடைசி இருக்கையில் நடக்கும் சண்டை அப்படியே நின்றுவிடும். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வண்டியைப் பணிமனையில் நிறுத்தி, பின்சுவரை ஒட்டியிருக்கும் குதிரை லாயத்துக்குள் நுழைந்தால், மாலை மணி அடிக்கும் நேரம் வரை அங்கேதான். கொட்டிலைக் கூட்டுவாள், தண்ணீர் நிரப்புவாள், தேய்த்து விடுவாள். அதற்கு ஈடாக அவளுக்குச் சவாரி. அங்கே எல்லோருக்கும் அவள் பஸ்ஸக்கா.

மாப்பிள்ளை என்பது குதிரையின் பெயர். நான்கு வயது, செம்பழுப்பு நிறம், தூணைப் போன்ற கழுத்து. கொட்டிலின் பலகையில் வேறு ஏதோ கம்பீரமான பெயர் எழுதியிருக்கிறது. அதை யாரும் வாயால் சொன்னதில்லை. இவனோ கூப்பிட்டால் வரமாட்டான், உபசரித்தால் வருவான். தீவனம் தாமதமானால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வான். "மாப்பிள்ளை முறுக்குன்னா இதான்" என்று அவள்தான் அந்தப் பெயரை வைத்தாள். வைத்ததோடு மரியாதையும் கொடுத்தாள். "வாங்க, போங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றுதான் பேசுவாள்.

அந்த மாப்பிள்ளைதான் போன மழைக்காலத்தில் அவளைக் கீழே தள்ளினான். வெளிப்பாதையில், பாதி கட்டிய ஒரு வீட்டின் மேலிருந்து தார்ப்பாய் ஒன்று காற்றில் படபடவென்று அடித்தது. மாப்பிள்ளை துள்ளினான், பிறகு பாய்ந்தான். அவள் எவ்வளவு முயன்றும் அவன் நிற்கவில்லை. ஜல்லிக் குவியலில் போய் விழுந்தவளுக்குத் தோள் எலும்பு முறிந்தது.

எலும்பு கூடிவிட்டது. பேருந்தையும் மறுபடி ஓட்டத் தொடங்கிவிட்டாள். ஆனால் சேணத்திலிருந்து தொங்கும் அந்தக் கால்வளையத்தில் காலை வைத்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "எலும்புக்கு மாவுக்கட்டைப் பிரிச்சாச்சு. தைரியம்தான் இன்னும் கட்டுக்குள்ளயே கெடக்கு" என்று சிரிப்பாள். சிரித்துக்கொண்டே காலைக் கீழே இறக்கிவிடுவாள். போனது அவளுடைய சவாரி மட்டுமாக இருந்திருந்தால் அப்படியே விட்டிருப்பாளோ என்னவோ. ஆனால் பழி குதிரையின் மேல் விழுந்தது. முரடன் என்று பெயர் பரவிவிட்டது. மற்றவர்கள் அவனைத் தொட மறுத்தார்கள்.

லாயத்துக்காரம்மா சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். "யாருமே ஏறாத குதிரையக் கட்டிப்போட்டுச் சாப்பாடு போட எங்கிட்ட தெம்பு இல்லடியம்மா. முரட்டுக் குதிரைய அடிச்சுப் பழக்குறவர் ஒருத்தர் கேக்குறாரு. வர்ற ஞாயித்துக்கிழமை லாரியோட வர்றாரு. நீ வெளிப்பாதையில தனியா ஒரு சுத்து போய்ட்டு, இவன் மேல உக்காந்தபடியே திரும்பி வந்துட்டா இவன் இங்க. இல்லேன்னா லாரியில."

அடித்துப் பழக்குகிறவர் என்ற சொல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் வழி பிறந்தது, சற்றும் எதிர்பாராத ஓர் இடத்தில். அவள் கணவர் குழாய் வேலை செய்பவர்; சிறிய வேன் ஒன்று வைத்திருக்கிறார். அவர் ஓட்டும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்தால், முன்னால் எது வந்தாலும் வலது காலால் தரையை ஓங்கி மிதிப்பாள். அன்றும் மிதித்தாள்.

"அங்க பிரேக் இல்லம்மா. உன் பக்கம் வெறும் தகரம்தான்" என்றார் அவர். "நீ மிதிக்கிற மிதியில ஒருநாள் ஓட்டை விழுந்து, நீ ரோட்டுல ஓடி வரப்போறே."

வழக்கமாக இதற்கு ஒரு பதில் வைத்திருப்பாள். அன்று டாஷ்போர்டைத் தட்டினாள்.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க."

"ஏன், வாந்தி வருதா?"

"நிறுத்துங்கன்னா."

வேன் நின்றது. அவள் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கும் இதத்தாங்க செஞ்சிருக்கேன். அவன் பயந்து துள்ளினான். நான் பிரேக் போட்டேன்."

"குதிரைக்கு ஏதுடி பிரேக்?"

"அதான் சொல்றேன். இல்லாத பிரேக்க மிதிச்சேன். முன்பாதம் கீழ போச்சுன்னா குதிகால் மேல வரும். அது அவன் விலாவுல போய்க் குத்தும். விலாவுல குத்துனா அவனுக்கு என்ன அர்த்தம்? ஓடுன்னு அர்த்தம். நான் மிதிக்க மிதிக்க அவன் ஓடியிருக்கான். பாவிப்பய, சொன்ன பேச்சக் கேட்டிருக்கான்ங்க." அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. கூடவே சிரிப்பும் வந்தது.

கணவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இனி நீ மறுபடி ஏறாம விடமாட்டே" என்றார்.

மறுநாளே லாயத்தின் வட்ட வேலிக்குள் மாப்பிள்ளையின் மேல் ஏறிவிட்டாள். லாயத்துக்காரம்மாவிடம் சொல்லி வலது கால்வளையத்தைக் கழற்ற வைத்தாள். மிதிக்க ஒன்றும் இல்லாவிட்டால் கால் என்ன செய்யும் பார்ப்போம் என்று. புறா ஒன்று சடாரென்று பறக்கும், கால் பிரேக்கைத் தேடும், காற்றுதான் கிடைக்கும். தேடித் தேடிச் சலித்து அந்தக் கால் மெல்ல அமைதிக்கு வந்தது. அதன் பிறகுதான் மற்ற வேலைகள் அவளுக்குக் கைவந்தன. குதிகாலைக் கீழே விட வேண்டும். மூச்சை விட்டு, இடுப்பைக் கனமாக்கி உட்கார வேண்டும். கடிவாள வாரைக் கேட்பது போல ஒருமுறை பிடித்து, உடனே தளர்த்த வேண்டும். "இழுத்துப் புடிச்சா அவனுக்குத்தான் ஜெயம்" என்பாள். "மாப்பிள்ளைகிட்ட மல்லுக்கட்டி எந்த மாமியா ஜெயிச்சா?"

ஞாயிற்றுக்கிழமை வாசலில் லாரி வந்து நின்றது. பின்கதவைச் சாய்வுப் பலகையாகத் தரையில் இறக்கிவிட்டு, பழக்குகிறவர் கைகட்டிக் காத்திருந்தார். கணவரும் வந்திருந்தார். முற்றத்தில் சொட்டுகூடக் கசியாத ஒரு குழாயைக் கழற்றத் தொடங்கினார். கவலை வந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

"வலது வளையத்த மாட்டட்டுமாடி, வேணாமா?" என்றாள் லாயத்துக்காரம்மா.

"மாட்டுங்க. மிதிக்க இடம் இருந்தும் மிதிக்கக் கூடாது. அதான் பரீட்சை."

வெளிக்கதவு தாண்டியதும் மாப்பிள்ளையின் மேல் வெளிக்காற்று பட்டது. கழுத்தை வில்லாக வளைத்தான். பக்கவாட்டில் ஆடி ஆடி நடந்தான். "நிதானமா போங்க மாப்ளே, நமக்கு என்ன முகூர்த்தமா தவறுது?" குரல் நடுங்கியது. ஆனால் குரலை நிறுத்தவில்லை.

அந்த வீடு இப்போது கட்டி முடிந்திருந்தது. தார்ப்பாய் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்ட அதே நொடியில், மாடியிலிருந்து ஒரு பெண் பெரிய வெள்ளைப் போர்வை ஒன்றைப் படாரென்று உதறினாள்.

மாப்பிள்ளை பாய்ந்தான்.

பூமியே முன்னால் பறந்தது. காதில் காற்று கூவியது. ஜல்லிக் குவியல், மருத்துவமனை, சாய்வுப் பலகை எல்லாம் ஒரே மின்னலில் வந்து போயின. வலது கால் கீழே இறங்கியது, ஆம், இறங்கியேவிட்டது. குதிகால் மேலே எழுவதை அவள் உணர்ந்தாள். "டேய்" என்றாள். அது குதிரையிடம் சொன்னதல்ல, காலிடம். குதிகாலைக் கீழே இறக்கினாள். மூச்சை விட்டாள். இடுப்பு கனத்தது. இடதுபக்கம் வெட்டவெளி. இடது கையை மட்டும் கதவு திறப்பது போல விலக்கி, வாரைப் பிடித்துக் கேட்டாள், தளர்த்தினாள், மறுபடி கேட்டாள். மாப்பிள்ளையின் மூக்கு இடப்பக்கம் திரும்பியது. பெரிய வட்டம், அடுத்து சற்றுச் சின்ன வட்டம். பாய்ச்சல் ஓட்டமாகி, ஓட்டம் நடையாகி, அவன் நின்று பெருமூச்சு விட்டான். ஒரு காது பின்னால் திரும்பி அவளைக் கேட்டது.

"நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?" என்றாள். நெஞ்சுக்குள் பல மாதமாகக் கட்டிக் கிடந்த எதுவோ அவிழ்ந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தாள்.

எதிரே பாதை நேராகக் கிடந்தது. ஒரு கணம் யோசித்தாள். பிறகு, தானாகவே, வேண்டுமென்றே, குதிகாலால் அவன் விலாவை லேசாகத் தொட்டாள். அவன் ஓடினான். அவள் ஓடச் சொன்னதால் ஓடினான்! அந்த ஓட்டத்தில் அவளுக்கு வயதும் இல்லை, எடையும் இல்லை.

லாய வாசலுக்கு அவர்கள் திரும்பி வந்தபோது முதலில் பார்த்தது கணவர்தான். கையிலிருந்த ஸ்பானர் தரையில் விழுந்தது. பழக்குகிறவர் குதிரையை ஏற இறங்கப் பார்த்தார். அவளையும் பார்த்தார். சாய்வுப் பலகையைத் தூக்கி மூடினார்.

"வந்துட்டியே, மகராசி" என்று சொல்லிக்கொண்டே லாயத்துக்காரம்மா கடிவாளத்தைப் பிடிக்க ஓடி வந்தாள். "எறங்கு, எறங்கு. போதும்."

அவள் இறங்கவில்லை. முகத்தில் ஒட்டியிருந்த முடியைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு, இடது கையை மெல்ல விலக்கி, மாப்பிள்ளையின் தலையை மறுபடியும் வெளிப்பாதையின் பக்கம் திருப்பினாள்.