நம்ம ஆள் காட்டிய வீடு

புணேக்குப் பக்கத்தில், தேஹு ரோடு வெடிமருந்துக் கிடங்கைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு உண்டு. தரையில் அல்ல, வரைபடத்தில். அந்தக் கோட்டுக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது. ஊரில் மற்றவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம். என் அத்தானுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அக்காவின் கணவரான அவர் வேலை பார்த்தது அந்தக் கிடங்கின் அலுவலகத்தில்தான். வரைபடம் அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. அதற்கு முதுகைக் காட்டியபடியே தம் உத்தியோகக் காலத்தில் பாதியைக் கழித்திருந்தார்.

தொண்ணூற்றேழில் அவர் அந்தக் கோட்டுக்குள் வீடு வாங்கினார். அதே அலுவலகத்துத் தமிழர்கள் ஏழெட்டுப் பேரும் உடன் வாங்கினார்கள். எல்லோரும் படித்தவர்கள். அரசாங்க ஆங்கிலத்தில் ஒரு காற்புள்ளி பிசகினாலும் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர்கள். சாம்ராஜ்யங்கள் விழுந்த கதையைத் தடித்தடியான புத்தகங்களில் நானும் படித்திருக்கிறேன். இவர்கள் விழுந்த கதையை யாரும் எழுதக் காணோம். தேதி மறப்பதற்குள் நானே எழுதிவைக்கிறேன்.

அத்தான் மறு ஆண்டு ஓய்வு பெற வேண்டும். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பி.எஃப். பணம் ஒன்றுதான் கையிருப்பு. அது போனால் இன்னொன்று வராது. அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"இனிமே எவன் வீட்டு வாசல்லயாவது நின்னு, மீன் சமைப்பியளா, விருந்தாளி எத்தன பேரு வருவாவன்னு கேக்கறதுக்கெல்லாம் என்னால பதில் சொல்ல முடியாது. சொந்தமா ஒரு அடுக்களை வேணும். அது சின்னதா இருந்தாலும் சரி."

நான் அப்போது புணே நகரில் ஒரு வங்கியில் இருந்தேன். நல்ல தரகராகப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சதாசிவ் பேட்டையில் ஒருவரை விசாரித்து வைத்து, அத்தானை அழைத்துப் போனேன். கதவில் மராட்டியில் ஒரு பலகை: 'ஒன்று முதல் நான்கு வரை தட்டாதீர்கள். தட்டினாலும் திறக்க மாட்டோம்.' மாடிப்படியில் உட்கார்ந்து நான்கு மணி வரை காத்திருந்தோம். கதவைத் திறந்த மனிதர் உட்காரச் சொல்லவில்லை. அத்தான் தம் சேவைக் காலம், குடும்பம், சொந்த ஊர் எல்லாவற்றையும் இந்தியில் விரிவாகச் சொன்னார்.

அந்தத் தரகர் கேட்டது ஒன்றே ஒன்று: "சாத்பாரா படிக்கத் தெரியுமா?"

சாத்பாரா என்பது நிலம் யாருடையது, அதன் மேல் என்ன வில்லங்கம் என்று சொல்லும் கிராமக் கணக்குத் தாள். தெரியாது என்றோம். "அப்படியானால் வக்கீலுக்குக் காசு கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வீடானாலும் அதுதான் முதல் வேலை. அதற்கு ஒப்புக்கொண்டால் மறுபடி வாருங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் அத்தான் வெடித்தார். "மனுசனா இவன்? ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கேட்டானா? இவன்ட்ட வீடு வாங்குனா, நம்ம வீட்டுக்குள்ளயே ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் நம்மள விடமாட்டான், மாப்ள!"

அடுத்த வாரமே நம்ம ஆள், ஒரு தமிழ்த் தரகர், வந்து சேர்ந்தார். நாங்கள் தேடிப் போகவில்லை, அவரே வீட்டுக்கு வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். செருப்பை வாசலிலேயே விட்டார். "மைனி, காப்பி மட்டும் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் அண்ணியை மைனி என்போம். புணேயில் இருபத்தைந்து ஆண்டுகளாக அக்காவை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லிலேயே பாதி வீடு விற்றுப் போயிற்று.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"அம்பாசமுத்திரம்."

"அட! எங்கம்மா பொறந்த ஊருல்லா!"

மீதிப் பாதியும் விற்றுப் போயிற்று.

அந்தப் பொங்கலுக்குத் தமிழர்கள் கூடியபோது, அவரிடம் வீடு பேசியிருந்தவர்கள் ஒரு மூலையில் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருடைய அம்மா கும்பகோணம் என்றார் ஒருவர். "இல்லீங்க, பொள்ளாச்சிங்க. எங்கிட்டயே சொன்னாருங்க" என்றார் இன்னொருவர். வேலூர்க்காரர் வேலூர் என்றார். ஒரு பெண்மணி நான்கு ஊர்களில் பிறந்திருப்பது யாருக்கும் உறுத்தவில்லை. "அவங்கப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் வேலையா இருந்திருக்கும்" என்று கும்பகோணத்துக்காரர் முடித்துவைத்தார். எல்லோரும் தலையாட்டிவிட்டுச் சர்க்கரைப் பொங்கலுக்குப் போனார்கள்.

நம்ம ஆள் கமிஷனும் வேண்டாம் என்றுவிட்டார். "ஒங்ககிட்ட கைநீட்டுவேனா? பில்டர் எனக்குக் குடுத்துருவான்." பில்டர் கொடுக்கிறான் என்றால் இவர் யாருடைய ஆள் என்று நான் அத்தானிடம் கேட்டேன். "ஒனக்குப் பேங்கு புத்தி" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை அந்தக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். கீழே இரண்டு மாடியில் பூச்சு நடந்துகொண்டிருந்தது. எதிரே கிடங்கின் மதில், முள்கம்பி, காவல் கோபுரம். கோபுரத்தில் நின்ற சிப்பாய் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியளா அண்ணாச்சி, ஆபீசுக்கு நடந்தே போயிரலாம்" என்றார், ஓய்வு பெறப் போகிறவரிடம். "பாதுகாப்புக்குப் பாதுகாப்பு. மிலிட்டரியே காவல் நிக்கி."

மதிலுக்கு இவ்வளவு பக்கத்தில் கட்ட அனுமதி உண்டா, சாத்பாரா எங்கே என்று கேட்டேன். அவர் என் தோளில் கைபோட்டார். "நமக்குள்ள என்ன தம்பி சாத்பாரா?"

வங்கி லோன் கிடைக்குமா என்று கேட்டேன். "கையில காசு இருக்கும்போது எதுக்கு தம்பி வட்டி கட்டணும்?" என்றார். எந்த வங்கியும் எட்டிப் பார்க்காத கட்டடம் என்பதை இதைவிடக் கனிவாக ஒருவர் சொல்ல முடியாது.

இறங்கும்போது அத்தானைத் தனியே நிறுத்தினேன். "அத்தான், ஒங்க ஆபீஸ் மேப்ல செவப்புக் கோடு இருக்குல்லா? இது அதுக்கு உள்ள வருமே."

அவர் சொன்ன பதிலை ஒரு எழுத்து மாற்றாமல் தருகிறேன். "அது கண்ட பயலும் வந்து கட்டக் கூடாதுன்னு போட்டது. இது நம்ம ஆளு காட்டுன வீடுல்லா."

முத்திரைத்தாளில் ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். ரெஜிஸ்ட்ரேஷன் பிறகு ஆகும் என்றார் நம்ம ஆள். பால் காய்ச்சினார்கள். அக்கா அடுக்களைக்கு மஞ்சள் நிற ஓடு பதித்தாள்.

இரண்டாயிரமாவது ஆண்டில் கட்டடத்தின் கேட்டில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. அனுமதியில்லாத கட்டடம், இடிக்கப்படும். அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "இங்கிலீஷ் சரியாத்தான் இருக்கு" என்றார். அக்கா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அன்று மாலை, வீடு வாங்கியவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். நம்ம ஆளும் வந்தார். அடிக்க வேண்டியவர்கள் அவருக்கு நாற்காலி போட்டார்கள். அவர் கண்கலங்கினார். பில்டர் தம்மையும் ஏமாற்றிவிட்டதாகச் சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கவலப்படாதீங்க. ஒரு வக்கீல் இருக்காரு. தங்கமான மனுசன். நம்ம ஆளு, தமிழ்க்காரரு" என்றார்.

அறையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்ததை நான் என் காதால் கேட்டேன். கும்பகோணத்துக்காரர், "எந்த ஊர்க்காரர்?" என்று கேட்கவும் ஆரம்பித்துவிட்டார்.

அக்கா காப்பித் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். "எங்களுக்குத் தமிழ் தெரியாத வக்கீலு போதும்" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தமிழ்ல பேசுனா சுகமாத்தான் இருக்கு. அதான் ஒருத்தரும் காதுல வாங்கல. புரியாத பாஷையில சொன்னாத்தான் நாம என்ன, ஏதுன்னு ரெண்டு தடவ கேப்போம்."

நம்ம ஆள் சிரிக்க முயன்றார். "மைனி கோவத்துல..."

"மைனின்னு கூப்பிடாதிய" என்றாள் அக்கா.

மற்றவர்கள் தங்கமான மனிதரிடமே போனார்கள். அந்த வழக்கு நான் கடைசியாக விசாரித்த இரண்டாயிரத்தெட்டிலும் வாய்தாவில் இருந்தது. கட்டடம் இடிக்கப்படவுமில்லை, யாரும் அதை விற்கவும் முடியவில்லை. நாங்கள் மராட்டிக்கார வக்கீல் ஒருவரைப் பிடித்தோம். அவர் வழக்கே வேண்டாம் என்றார். பில்டர் வேறொரு கட்டடத்துக்கு அனுமதி கேட்டு அலைகிற நேரம் இது, இப்போது போய் வாசலில் சத்தம் போட்டால் பணம் திரும்பும், அடுத்த மாதம் போனால் திரும்பாது என்றார். போய்ச் சத்தம் போட்டோம். அதாவது அக்கா போட்டாள். பில்டருக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு அது தடையாகவும் இல்லை. பாதிக்கு மேல் பணம் திரும்பி வந்தது. மஞ்சள் ஓட்டுக்கு மட்டும் யாரும் ஈடு தரவில்லை.

அந்தப் பணத்துக்கு, புணேயிலிருந்து இன்னும் தள்ளியிருந்த தளேகாவ் ஊரில்தான் வீடு தேட முடிந்தது. இந்த முறை தரகரை அக்காவே தேர்ந்தெடுத்தாள். ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருந்த மராட்டிக்காரர், முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. எங்களை மூன்றாவது மாடிக்கு ஏற்றிக் கொண்டுபோய், கதவைத் திறந்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு பேச ஆரம்பித்தார்.

"என்னல சொல்லுதான்?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

"லிஃப்ட் கிடையாதாம். தண்ணி காலையில மட்டுந்தான் வருமாம்."

"இன்னும்?"

"மேற்குச் சுவரு மழைக்கு ஒழுகுமாம். பில்டிங் சொசைட்டிக்காரங்க சண்டைக்காரங்களாம். வக்கீல்ட்ட பேப்பரக் காட்டாம டோக்கன் அட்வான்ஸ் வாங்க மாட்டாராம்."

"நம்ம ஊரு எதுன்னு கேட்டானா?"

"கேக்கல."

அக்கா அடுக்களைக்குள் போனாள். குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் வரவில்லை, காலை நேரம் தாண்டியிருந்தது. மூடிவிட்டு வந்தாள்.

"விலையக் கேளு" என்றாள்.

பேப்பரை வக்கீல் பார்த்தார், ரெஜிஸ்ட்ரேஷன் முறையாக நடந்தது. முதல் மழையிலேயே மேற்குச் சுவர் ஒழுகியது. நான் போனபோது அத்தான் பக்கெட்டை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். அக்கா சுவரை எனக்குச் சுட்டிக் காட்டினாள்.

"பாத்தியா? சொன்ன எடத்துலயே ஒழுகுது."