தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்

இரத்தினவேல் பதினொரு வருடமாகப் பெட்டி அடுக்குகிற பக்டரிக்கும் அவர் இறங்குகிற பஸ் தரிப்புக்கும் நடுவே ஒரு தண்டவாளம் கிடக்கிறது. காலையில் அதில் சரக்கு ரயில் ஒன்று வந்து நிற்கும். எப்போது கிளம்பும் என்று அதற்கே தெரியாது. பாலத்தால் சுற்றினால் இருபது நிமிடம். இரண்டு ரயில் பெட்டிகளுக்கு நடுவே ஏறிக் குதித்தால் ஒரு நிமிடம். அறுபத்தொரு வயது முழங்காலோடு அவர் ஏறிக் குதிப்பார். ஆசையா என்ன, அலுப்புத்தான்.

அந்த மாதம் பனியில் பஸ் பிந்தி, இரண்டு தரம் ஏழு மணி வேலைக்குப் பிந்திவிட்டார். மூன்றாம் தரமும் பிந்தினால் வேலை இல்லை என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு ஏணிக் கம்பியில் கால் வைத்தபோது பின்னால் ரயில்வே பொலிஸ் கார் வந்து நின்றது. இறங்கினார். கேட்கும் முன்பே அடையாள அட்டையை நீட்டினார். ரயில் குலுங்கினால் கால் போய்விடும், இந்த முறை எச்சரிக்கை மட்டும், பாலத்தால் போ என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்த பொலிஸ்காரர் காருக்குள் போய் உட்கார்ந்தார்.

இரத்தினவேல் அசையவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆமிக்காரரின் சென்றிக் காவலரணில் அட்டை கைக்கு வந்ததும் திரும்பி நடந்த அவருடைய மச்சான் இருபது அடி தாண்டவில்லை, முதுகில் சுட்டுவிட்டார்கள். வாகனம் போகும்வரை சீருடைக்கு முதுகு காட்டக் கூடாது. இது கனடா என்று அவருடைய மண்டைக்கு நன்றாகவே தெரியும். காலுக்குத் தெரியவில்லை. இப்போது நடந்தாலும் ஏழு மணிக்குள் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டே நின்றார். காரும் போகவில்லை.

ஏழு ஐந்துக்கு ரயில் நகர்ந்தது. பொலிஸ்காரர் கண்ணாடியை இறக்கி, ஏன் இன்னும் நிற்கிறாய் என்று கேட்டார். நீங்கள் போகவில்லையே என்றார் இவர், தனக்குத் தெரிந்த இங்கிலீசில். நீ மறுபடி ஏறிவிடுவாய் என்றுதான் நான் காவல் இருந்தேன் என்று சொல்லிவிட்டு அவர் காரை எடுத்தார். இரத்தினவேலுக்குக் கோபம்கூட வரவில்லை. அப்படியொரு களைப்பு.

பக்டரி வாசலில் சூப்பர்வைசர் கிருபன் நின்றான். ரயில் விலகியதும் பொலிஸ் காரை அவனும் கண்டிருந்தான்.

"பொலிஸ் மறிச்சு வைச்சிருந்தவங்களோ அண்ணை? ஓமெண்டு சொல்லுங்கோ, நான் மேல கதைக்கிறன்."

ஓம் என்ற ஒரு சொல் போதும். வேலை மிஞ்சும்.

"இல்லைத் தம்பி. அவன் அப்பவே விட்டிட்டான்."

"பிறகேன் பிந்தினது?"

"நான்தான் நிண்டனான்."

கிருபன் கையை விரித்தான். இரத்தினவேல் பஸ் தரிப்பை நோக்கி நடந்தார், இந்த முறை பாலத்தால்.