கைலியோடு தைத்த பூ

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. சிதம்பரத்தில் ஒரு மெக்கானிக் பட்டறை வாசல். என் மகள் கயல்விழி கையில் கத்தரிக்கோலோடு என் முன்னால் நின்றாள். அவள் வெட்டப்போவது நான் கட்டியிருந்த கைலியை.

நியாயமான காரணம் இருந்தது. தப்பு முழுக்க என்னுடையது. அதனால்தான் நானே எழுதுகிறேன் — அவள் எழுதினால் இன்னும் மோசமாக இருக்கும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற பிள்ளைகளுக்கு எங்கள் வண்டியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி. அது ஒரு பழைய ஸ்கூல் வேன். கடலூரில் என் பட்டறைக்கு ரிப்பேருக்கு வந்தது, திரும்பிப் போகவில்லை. ஸீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், ஒரு தண்ணீர் டிரம், சின்ன கேஸ் அடுப்பு, பக்கச் சுவரில் கீல் வைத்து மடக்குகிற பலகை ஒன்று — இவ்வளவும் பொருத்தினேன். வீடு ரெடி. வெளியே நீலப் பெயின்ட் அடித்தும் கதவு ஓரத்தில் பழைய மஞ்சள் எட்டிப் பார்க்கும். ஆலப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் இன்னமும் சில பிள்ளைகள் கை காட்டி நிறுத்தச் சொல்கிறார்கள்.

பலகை ஒன்றுதான். காய் நறுக்குவதும் அதில்தான், எம்பிராய்டரி போடுவதும் அதில்தான். சண்டை வருமா, வராதா? வந்தது. ஒருமுறை தாளிக்கும்போது மஞ்சள் எண்ணெய் தெறித்து ஒரு வெள்ளைத் துணி பாழானது. அன்றைக்கே என் மனைவி சுமதி மார்க்கர் பேனாவால் சுவரில் இரண்டு சட்டம் எழுதினாள்.

ஒன்று — வண்டி ஓடும்போது ஊசி எடுக்கக் கூடாது. இரண்டு — அடுப்பு எரியும்போது நூல் எடுக்கக் கூடாது.

சுமதி வீட்டில் பிளவுஸ் தைப்பவள். கயலுக்கு எம்பிராய்டரி கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். நான்? பத்தாவது வரை படித்துவிட்டு ஸ்பேனர் பிடித்தவன். பட்டன் தைப்பேன். அதுவும் இரண்டு நாளில் விழுந்துவிடும்.

இந்த முறை கயல் தைத்துக்கொண்டிருந்தது ஒரு மேசை விரிப்பு. ஷிஃபாவுக்காக. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை கடலூரில் இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். போன வருஷம் ஷிஃபா குடும்பம் சொந்த ஊரான பரங்கிப்பேட்டைக்குப் போனது. இப்போது எல்லாரும் அவளுடைய வாப்பா வேலை பார்க்கும் மஸ்கட்டுக்கே போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டிலிருந்து ஏர்போர்ட்டுக்குக் கார். அதற்குள் விரிப்பு ஷிஃபா கையில் இருக்க வேண்டும்.

ஐந்து வருஷத்துக்கு ஐந்து பூ. ஒவ்வொன்றுக்கும் ஐந்து இதழ். எல்லாம் தன் கையாலேயே போட வேண்டும் என்று கயல் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை சிதம்பரத்தில் எனக்கு ஒரு இன்ஜின் இறக்குகிற வேலை இருந்தது. குடும்பத்தோடு கிளம்பினோம். கயல் வண்டி நின்ற இடத்திலெல்லாம் தைத்தாள். புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நின்றபோது ஒரு இதழ். பி.முட்லூரில் டயருக்குக் காற்று அடிக்கும்போது பாதி இதழ். இரவு சிதம்பரத்தில் அந்தப் பட்டறை வாசலிலேயே தங்கினோம். ஞாயிறு காலையில் கணக்குப் பார்த்தால், ஐந்தாவது பூவில் இரண்டு இதழ் மட்டும் பாக்கி.

அன்றைக்குச் சமையல் முறை அவளுடையது. எங்கள் வண்டியில் சமையலுக்கு முறை உண்டு. யாருக்கும் விடுப்பு கிடையாது.

"சமச்சி முடிச்சிட்டு அப்புறம் தைக்கிறேன்" என்றாள்.

"நேரம் பத்துமா?" என்று கேட்டேன்.

"பத்தும்பா. ஒரு இதழுக்கு கா மணி நேரம். பத்து மணிக்குக் கெளம்புனா போதும்."

தக்காளி சாதம். எண்ணெயில் கடுகு, வெங்காயம், நாலு பழுத்த தக்காளி. அது கரைந்ததும் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு, கழுவின அரிசி ஒரு டம்ளர், தண்ணீர் இரண்டு டம்ளர். குக்கரை மூடினால் மூன்று விசில். வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துத்தான் அடுப்பு பற்றவைப்போம். நீங்களும் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். ஒரே பாத்திரம், கழுவுவதும் சுலபம்.

சுமதி பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். கயல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. குழந்தை தனியாகக் கஷ்டப்படுகிறதே... ஒரு இதழ் நாம் போட்டுக் கொடுத்தால் என்ன? நான்கு டன் லாரியைத் தூக்கி நிறுத்துகிறவனுக்கு இரண்டு அங்குல ஊசி ஒரு பெரிய விஷயமா?

அடுப்பு எரியும்போது நூல் எடுக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் அது வண்டிக்குள். நான் வெளியே போகிறேனே! இப்படி எனக்கு நானே வக்கீலாக வாதாடி, விரிப்பை மாட்டியிருந்த எம்பிராய்டரி ஃப்ரேமை எடுத்துக்கொண்டு பட்டறை வாசலில் கிடந்த பழைய டயர் மேல் போய் உட்கார்ந்தேன். பலகை இல்லை. அதனால் மடியில் வைத்துக்கொண்டேன்.

நன்றாகத்தான் போனது. குத்தினேன், இழுத்தேன். குத்தினேன், இழுத்தேன். போல்ட் முறுக்குகிற மாதிரி ஒவ்வொரு தையலையும் இறுக்கினேன். இதழ் முழுக்க நூல் நெருக்கமாக வந்து நிரம்பியது. கொஞ்சம் கோணல். ஆனால் இதழ்தான், சந்தேகமில்லை.

பட்டறைக்காரர் செல்வம் பல் விளக்கிக்கொண்டே வந்தார். என்னை மாமா என்று கூப்பிடுகிறவர்.

"இன்னா மாமா, இன்ஜினை அப்டியே வுட்டுட்டு பூ வேலையில எறங்கிட்டீங்க?"

"பொறாமைப்படாத மச்சான். இதுக்கும் ஒரு கை வேணும்."

மூன்றாவது விசில் வந்தது. "அப்பா, சாப்ட வாங்க" என்று கயல் கூப்பிட்டாள்.

எழுந்தேன். ஃப்ரேமும் என்னோடு எழுந்தது.

கையை எடுத்தேன். அது கீழே விழவில்லை. வயிற்றுக்குக் கீழே ஒரு தட்டு மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. செல்வம் வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு, சிரிப்பு தாங்காமல் உட்கார்ந்தே விட்டார். விரிப்பையும் என் கைலியையும் சேர்த்து, ஒரு இதழ் முழுக்க, இறுக்கி இறுக்கித் தைத்திருக்கிறேன்.

கயல் வந்து பார்த்தாள். சிரிக்கவில்லை.

"யாருப்பா உங்கள தைக்கச் சொன்னது?"

"நேரம் ஆவுதேன்னு..."

"நேரம் இருக்குன்னு சொன்னேனா இல்லியா?"

சொன்னாள். அவளிடம் கணக்கு இருந்தது. என்னிடம் அவசரம்தான் இருந்தது.

பால் பாக்கெட்டோடு வந்த சுமதி குனிந்து ஃப்ரேமைத் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, எலாஸ்டிக் மாதிரி இறுக்கியிருக்கீங்க. இதப் பிரிச்சா துணி பூரா ஓட்டை தெரியும். துணி மெலிசு. அதுக்கு மேல தச்சாலும் நிக்காது."

பிரித்தால் விரிப்பு போச்சு. பிரிக்காவிட்டால் என்னையும் சேர்த்து மஸ்கட்டுக்கு அனுப்ப வேண்டும். மூன்றாவது வழி ஒன்று இருந்தது. ஆனால் அதில் ஒரு சிக்கல் — கைலி.

அது ஷிஃபாவின் வாப்பா போன லீவில் வந்தபோது எனக்கு ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தது. நீலக் கட்டம். அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்து அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். நம் குறிஞ்சிப்பாடியில் நெய்தது. கப்பல் ஏறி மஸ்கட் போய், கடையில் தொங்கி, விமானத்தில் திரும்பி வந்திருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் நெய்கிறவரிடமே வாங்கியிருக்கலாம்.

அவர் கொடுத்த கைலியை வெட்டி, அந்தத் துண்டோடு அவர் மகளுக்கே பரிசா?

"ஷிஃபாவோட உம்மா தையல் தெரிஞ்சவங்க" என்றாள் சுமதி. "கையில வாங்குனதும் மொதல்ல திருப்பித்தான் பாப்பாங்க."

அது உண்மை. தையல் தெரிந்தவர்கள் பூவைப் பார்ப்பதில்லை. பின்பக்கம் முடிச்சு எப்படி என்றுதான் பார்ப்பார்கள்.

கயல் தானும் ஒருமுறை ஃப்ரேமைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

"பாத்தா பாக்கட்டும்மா. கேட்டா சொல்லிக்கிறேன். அப்பா, ஆடாம நில்லுங்க."

ஆடாமல் நின்றேன். அவள் ஃப்ரேமைத் தூக்கிப் பிடித்து, இதழைச் சுற்றி மெதுவாக வெட்டினாள். விரிப்பின் ஒரு இழையில்கூடக் கத்தரி படவில்லை. அந்தக் கை நிதானம் எனக்கு எந்த இன்ஜினிலும் வந்ததில்லை. பிறகு தக்காளி சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, பலகையை விரித்து, கடைசி இதழைத் தானே போட்டாள். ஒன்பதே முக்காலுக்கு முடிந்தது. நான் பேன்ட் மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

பரங்கிப்பேட்டையில் அவர்கள் வீட்டு வாசல் முழுக்கப் பெட்டிகள். ஷிஃபா ஓடி வந்தாள். கயல் விரிப்பை நீட்டினாள். நடுவில் புகுந்து வாங்கியது அவளுடைய உம்மா. ஒரு வினாடி பூக்களைப் பார்த்தார். அடுத்த வினாடி திருப்பினார்.

நாலு பூவின் பின்பக்கம் சுத்தமாக இருந்தது. ஐந்தாவதில் நீலக் கட்டம்.

விரலால் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது எங்க வூட்டுக்காரரு கொண்டாந்த கைலியில்ல?"

நான் பட்டறையிலேயே ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன். கயல் முந்திக்கொண்டாள். "ஆமா ஆன்ட்டி. அப்பா தெரியாம கைலியோட சேத்துத் தச்சிட்டாரு. பிரிச்சா துணி வீணாயிடும்னு நான்தான் வெட்டுனேன்."

"அண்ணே, மிச்சக் கைலி எங்க?"

"வண்டியில இருக்கும்மா. நடுவுல ஒரு ஜன்னலோட."

அவர் சிரித்த சிரிப்பில் பெட்டியை எடை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "அவருக்கு போட்டோ அனுப்பணும்" என்றார்.

ஷிஃபா மட்டும் சிரிக்காமல் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல எதுடி அப்பா போட்டது?"

"அந்தக் கோண இதழு. உனக்குப் புடிக்கலன்னா அங்க போயி பிரிச்சி—"

"பிரிக்க மாட்டேன். அஞ்சு வருஷமும் நம்மள ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டுப் போனது யாரு? லேட்டா லேட்டா வந்தாலும் அவருதான். அவரும் இருக்கட்டும்."

கயல் அப்போதுதான் என்னைப் பார்த்துச் சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. விரிப்பு மடிந்து கைப்பைக்குள் போனது. கார் கிளம்பும்வரை இரண்டு பேரும் கையை விடவில்லை.

திரும்பும் வழியில் கயல் மார்க்கர் பேனாவைக் கேட்டாள். வண்டி ஓடும்போது ஊசிக்குத்தான் தடை, பேனாவுக்கு இல்லையாம். சுவரில் மூன்றாவது சட்டம் எழுதினாள் — கேட்காமல் உதவி செய்யக் கூடாது.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். சரியான சட்டம்தான். உதவி செய்வது நல்லது என்று உங்களுக்கு எல்லாரும் சொல்லிக்கொடுப்பார்கள். செய்யட்டுமா என்று முதலில் கேட்பது அதில் பாதி. அப்பாக்களாகிய நாங்கள் அந்தப் பாதியைத்தான் அடிக்கடி விட்டுவிடுகிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

மற்றபடி எல்லாம் சுகம். குறிஞ்சிப்பாடிக் கைலி மூன்றாவது முறையாகக் கடல் தாண்டிவிட்டது. எனக்கு இன்னும் பாஸ்போர்ட்கூட இல்லை.