டாக்டரிடமும் அம்மா அதையே சொன்னாள்

எனக்குத் திமிர் என்பது என் கணவர் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். கல்யாணமாகி வந்த புதிதிலேயே நாத்தனார் அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் மறு விசாரணை வைக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை ஒரு தடவை "வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். "சாப்டியா?" என்று கேட்டால் சாப்பிட்டேன், இன்ன குழம்பு, உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது என்று முழுப் பதிலும் சொல்வேன். அவர்களைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்துப் பெண்கள் கையைப் பிடிக்க வருவார்கள் என்று மாதா கோயிலின் கடைசித் தூணுக்குப் பின்னால் போய் நிற்பேன்.

எனக்குப் பிடித்தது சாவு வீடு ஒன்றுதான். அங்கே கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது வழக்கம். இத்தனை நல்ல வழக்கத்தை மற்ற வீடுகளுக்கு ஏன் வைக்காமல் விட்டார்கள் என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூரில் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தபோது அந்த வழக்கத்தை நானே வைத்துக்கொண்டேன். மைக் செட் காதைப் பிளந்தது. ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள், இன்னொருத்தி தோளில் கையைப் போட்டாள். மூச்சு முட்டியது. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். நல்ல காரியம் நடக்கிற வீட்டிலிருந்து சாவு வீட்டிலிருந்து போகிற மாதிரி போய்விட்டாளே என்று அங்கே ஒரே ரகளை. அந்தச் சண்டை கிறிஸ்துமஸ் வரை ஓடியது.

என் கணவர் கெட்டவர் இல்லை. பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளைக்கு சூப்பர்வைசர். பேச்சுக் குறைவு. கோபம் வந்தால் சொல்ல மாட்டார், சட்டையை வேகமாக மாட்டிக்கொண்டு வெளியே போவார். அதிலிருந்து நான் கோபத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நான் அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று புரிந்துகொள்வேன்.

நானும் வேறொரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். பீங்கான் ஃபியூஸ் கேரியர்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. சுவரோரம் எனக்கென்று ஒரு மூலை. களிமண் அரைக்கிற மில்லின் சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன். யாரும் பேச மாட்டார்கள், பேசினாலும் கேட்காது. எனக்குச் சொர்க்கம் அதுதான்.

இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். சுற்றுவதற்காக எடுத்த ஒரு தாளில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. சத்தம் தாங்காத பிள்ளைகள், தொட்டால் பிடிக்காத பிள்ளைகள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளைகள். படிக்கப் படிக்க யாரோ எனக்குத் தெரியாமல் என்னைப் படம் பிடித்துப் பேப்பரில் போட்டுவிட்ட மாதிரி எனக்குப் பதறியது. கட்டுரையின் கீழ்ப்பாதி கிழிந்துபோயிருந்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்தால் என்ன ஆவார்கள் என்பது அந்தப் பாதியில்தான் இருந்திருக்க வேண்டும்.

அதைத் தேடித்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போனேன். தாலி கட்டின பெண் தனியாக வந்து திரைக்குப் பின்னால் உட்கார்ந்தால் கடைக்காரருக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? ஏதாவது சாக்கில் அடிக்கடி எட்டிப் பார்த்தார். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். எந்த நாட்டிலோ இருந்த ஒரு பெண், என் வயதுக்காரி, தன்னைப் பற்றி எழுதியிருந்ததைப் பல நாள் போய்ப் போய் வாசித்தேன். வளர்ந்த பிறகும் இது இருக்குமாம், பெண்களுக்கும் இருக்குமாம். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. இத்தனை வருஷம் திமிர் என்று சொன்னதற்கு வேறு பெயர் இருக்கிறது!

கணவரிடம் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "பேப்பர்ல ராசி பலன் படிச்சா அதுவும்தான் எனக்குப் பொருந்துது" என்றார்.

எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் காரணம். எங்கள் ஊர் டாக்டரிடம் போனேன். "அது சின்னப் பசங்களுக்கு வர்றதும்மா. உனக்குத்தான் கல்யாணம் ஆகி, வேலைக்கும் போறியே" என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். டானிக் இனிப்பாக இருந்தது, மற்றபடி ஒரு மாற்றமும் இல்லை.

கடைசியில் கணவரே ஒரு முடிவு சொன்னார். "இதுக்குன்னே படிச்ச டாக்டர் சிதம்பரத்துல இருக்காராம். காட்டுவோம். இருக்குதுன்னு அவரு சொன்னா நம்புறேன், எங்க அக்காகிட்டயும் நானே சொல்றேன். இல்லன்னு சொல்லிட்டாருன்னா இந்தப் பேச்சை வுட்டுடணும். அப்புறம் எல்லாரையும் மாதிரி நீயும் விசேஷத்துக்கு வரணும், சிரிச்சுப் பேசணும். உன்னால முடியும், வேணும்னேதான் செய்யலன்னு ஆயிடும்."

சரி என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். டாக்டர் இல்லை என்றால் ஆயுசுக்கும் நான் திமிர் பிடித்தவள்தான், அதற்கு மேல்முறையீடு கிடையாது.

சிதம்பரம் டாக்டர் பொறுமைசாலி. இரண்டு முறை எங்களை வரவழைத்து விவரமாகக் கேட்டார். "இது இருந்தா கண்ணைப் பார்க்கிறதே கஷ்டம்பாங்க, நீங்க என் கண்ணைப் பார்த்துப் பேசுறீங்களே" என்றார். உங்கள் மூக்குக் கண்ணாடியின் நடுக்கம்பியைத்தான் பார்க்கிறேன், கண்ணைப் பார்த்தால் நீங்கள் பேசுவது என் காதில் ஏறாது என்றேன். சிரித்தார். ஆனாலும் முடிவு சொல்லவில்லை. சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன் என்பதை வளர்த்தவர்கள் வாயால் கேட்க வேண்டும், அடுத்த முறை அம்மாவை அழைத்து வாருங்கள் என்றார்.

அம்மா கருவேப்பிலங்குறிச்சியில் இருந்தாள். நானும் கணவரும் போய் அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினோம். என்ன ஏது என்று பஸ்ஸில் முழுவதும் விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"இவங்க சின்ன வயசுல மத்த பிள்ளைங்களோட விளையாடுவாங்களா?" என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"தெருவுல இருக்கிற புள்ளைங்க எல்லாம் இவகூடத்தாங்க இருக்கும். கலகலன்னு பேசுவா."

நான் வாயைப் பிளந்தேன்.

"சத்தம் கேட்டா பயப்படுவாங்களா?"

"சேச்சே, தைரியமான பொண்ணு."

"சாப்பாட்டுல இதுதான் வேணும், அதுதான் வேணும்னு பிடிவாதம்?"

"எதைப் போட்டாலும் சாப்புடுவா. ஒரு குறையும் கெடையாது. கோவம்னா என்னன்னே தெரியாது. பெரியவங்கன்னா அவ்வளவு மரியாதை."

பள்ளிக்கூட நாள் முழுக்க ரசம் சோற்றைத் தவிர வேறு எதையும் தொடாதவள் நான். தெருப்பிள்ளைகள் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். அம்மா முகத்தையே பார்த்தேன், அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அம்மா சொல்றதைப் பார்த்தா சின்ன வயசுல அப்படி எதுவும்..." என்று இழுத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது என் கணவர் வாயைத் திறந்தார். "அத்தை, பொண்ணு பார்க்க வந்தப்ப எங்க அப்பாகிட்டயும் நீங்க இதையேதான் சொன்னீங்க."

அம்மா திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"கலகலன்னு பேசுவான்னீங்க. அன்னைக்கு இவ காபித் தட்டை வெச்சிட்டு ஒரு வார்த்தை பேசாம உள்ள போயிட்டா. கூச்சம்னு நெனச்சோம். இதே வரிசை, இதே வார்த்தை. டாக்டர்கிட்ட வந்தும் பொண்ணுக்குச் சர்டிபிகேட்டு குடுக்கிறீங்களே!"

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பின்ன? வெளியாளு முன்னாடி பெத்த பொண்ணை வுட்டுக் குடுக்கச் சொல்றீங்களா, மாப்ளே? அன்னைக்கு உள்ளதைச் சொல்லியிருந்தா நீங்க கட்டியிருப்பீங்களா?"

கணவர் தரையைப் பார்த்தார். டாக்டர்தான் மெதுவாகச் சொன்னார்: "இங்க யாரும் பொண்ணு பார்க்க வரலைம்மா. கல்யாணம் எப்பவோ முடிஞ்சு போச்சு. இனிமே சொல்லலாம்."

அம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். சொல்லும்மா என்றேன்.

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. மூன்று வயது வரை நான் அவளை அம்மா என்று கூப்பிடவே இல்லையாம். எனக்கே அது தெரியாது. கோயில் மணி அடித்தால் சுவரில் தலையை முட்டிக்கொள்வேனாம். பொத்தான்களை நிறவாரியாக அடுக்குவேனாம், ஒன்று கலைந்தால் அன்றைக்கு முழுவதும் அழுகையாம். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதும், நவநாள் ஜெபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதும் இதற்காகத்தானாம். உறவுக்காரர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், அத்தை இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்லு, சிரித்தால் நீயும் சிரி என்று அவள் எனக்குப் பாடம் நடத்தியது நினைவுக்கு வந்தது. எல்லா அம்மாக்களும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். நான் பிரௌசிங் சென்டரில் கண்டுபிடித்ததை இவள் பெயர் தெரியாமலே என் பிறப்பிலிருந்து தனியாகச் சுமந்திருக்கிறாள். அவள் மேல் இருந்த கோபமெல்லாம் வடிந்து, பாவமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

"இருக்குது, ஆட்டிசம்தான்" என்றார் டாக்டர். ஆனால் நான் சொன்னதற்கெல்லாம் அப்படியே முத்திரை குத்திக் கொடுக்கவில்லை. கூட்டத்தில் எனக்கு மூச்சு முட்டுவது பதற்றம், அது தனி, அதைச் சரி செய்ய வழி இருக்கிறது என்றார். அதை நானாக இருந்தால் ஆயுசுக்கும் இதோடு சேர்த்தே கட்டி வைத்திருப்பேன். நாத்தனாரைப் பிடிக்காமல் போனதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றும் சொன்னார். அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். என் கணவரிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "சட்டை மாட்டுறது, கதவைச் சாத்துறது இதெல்லாம் இவங்களுக்குப் புரியாது சார். மனசுல இருக்கிறதை வாயைத் திறந்து சொல்லிடுங்க."

கேட்டது கிடைத்துவிட்டது. குதித்துக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டியவள் நான். ஆனால் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வரை கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. திமிர் என்றால் திருந்துவாள் என்ற நம்பிக்கையாவது அவருக்கு இருந்திருக்கும். இப்போது அதுவும் இல்லை. அதோடு, பொய் சொல்லிக் கட்டிவைத்த பெண் என்று அம்மாவே அவர் முகத்துக்கு நேராக ஒப்புக்கொண்டாயிற்று. அவர் என்னை நம்ப வேண்டும் என்றுதான் இந்த அலைச்சல் அலைந்தேன். நம்பிவிட்டு, நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

பஸ்ஸில் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தாள், நாங்கள் அவளுக்குப் பின்னால். சேத்தியாத்தோப்பில் பஸ் நின்றது. டீ குடிக்கிறவர்கள் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அம்மா கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலீங்க."

"என்ன கேட்டாங்க?"

"உள்ளதைச் சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களான்னு."

"கட்டியிருக்க மாட்டேன்" என்றார்.

முன் சீட்டில் அம்மாவின் தலை அசையாமல் நின்றது.

"சொல்லியிருந்தா அப்ப எனக்கு என்ன புரிஞ்சிருக்கும்? பயந்து வேற எடம் பார்த்திருப்பேன்" என்றார். "நல்ல வேளை, அத்தை பொய் சொன்னாங்க."

அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அதில் எதுவும் தெரியவில்லை. "இது நல்லதாச் சொல்றீங்களா, குத்திக் காட்டிச் சொல்றீங்களா? எனக்குப் புரியலீங்க" என்றேன்.

வழக்கம்போல வேறு பக்கம் திரும்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திரும்பினார். பிறகு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்ததோ என்னவோ, என் பக்கமே திரும்பி உட்கார்ந்தார். காதெல்லாம் சிவந்துபோயிருந்தது. மில் சத்தத்துக்கு நடுவில் என்னோடு பேசுகிறவர் மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தமாகவே சொன்னார்:

"எனக்கு உன்னைப் புடிக்கும். இன்னைக்கு டாக்டரு இல்லன்னு சொல்லியிருந்தாலும் உன்னைத்தான் நம்பியிருப்பேன். புரிஞ்சுதா?"

புரிந்தது என்றேன். பஸ்ஸில் பாதிப் பேருக்கும் புரிந்திருக்கும், கண்டக்டர் கூடத் திரும்பிப் பார்த்தார். அம்மா மட்டும் திரும்பாமல், முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.