முக்கால் தொட்டி

எங்கள் பழைய காரில், பெட்ரோல் அளவைக் காட்டும் முள்ளுக்கு மேலிருந்த கண்ணாடியில், ஒரு மஞ்சள் நாடாத் துண்டு ஒட்டியிருந்தது. மின்கம்பியில் சுற்றும் நாடாவிலிருந்து மெல்லிய கோடாக வெட்டி என் மாமனார் ஒட்டியது. சிங்கப்பூர்க் கார் பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குப் போக வேண்டுமானால் தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். அங்கே மலிவு என்பதால் எல்லாரும் காலித் தொட்டியோடு கிளம்பிவிடக் கூடாதே என்று வைத்த சட்டம். மாமா அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியவரில்லை. ஆனால் முக்காலுக்கு மேல் ஒரு சொட்டுகூட இங்கே வாங்கக் கூடாது என்பது அவருடைய சொந்தச் சட்டம். முள் நாடாவைத் தொட்டதும் நிரப்புவதை நிறுத்திவிடுவார். மீதிக் கால் பங்கு பாலத்துக்கு அந்தப் பக்கம்.

லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகை மொத்தக் கடையின் வேனை முப்பது வருடம் ஓட்டியவர் அவர். பெட்ரோலை எண்ணெய் என்றுதான் சொல்வார். சிராங்கூன் சாலை எந்த நேரத்தில் எங்கே அடைத்துக்கொள்ளும், எந்தச் சந்தில் நுழைந்தால் பிரேக்கை மிதிக்காமல் தேக்கா சந்தை வரை போகலாம் என்பதெல்லாம் அவருடைய காலுக்கே தெரியும். தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்தால் அங்கேயே காலை எடுத்துவிடுவார். கார் தானாக உருண்டு போய்ச் சேரும்போது விளக்கு பச்சையாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் டயருக்குக் காற்று பார்ப்பார். நான் கல்யாணமாகி தெம்பனிஸ் வீட்டுக்கு வந்த புதிதில் இதையெல்லாம் ரசித்தேன். குழந்தை பிறந்த பிறகு அதே பழக்கங்கள் என்னைப் பதற்றப்படுத்தத் தொடங்கின. காரின் பின்பெட்டியிலிருந்த குழந்தையின் தள்ளுவண்டியை ஒவ்வொரு முறையும் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவார். "சும்மா கெடந்தாலும் எடை எடைதான்மா. அது எண்ணெய் குடிக்கும்." வெளியே போய் இறங்கியபின்தான் தள்ளுவண்டி இல்லை என்பது எனக்குத் தெரியும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பேன். சொன்னால் மரியாதைக் குறைவோ, சொல்லாவிட்டால் நல்ல தாய் இல்லையோ என்று இரண்டு பக்கமும் யோசித்து, கடைசியில் வாயை மூடிக்கொள்வதே என் வழக்கம்.

பாப்பாவுக்கு எட்டு மாதமிருக்கும். ஒரு சனிக்கிழமை, ஜோகூரில் அத்தையின் தங்கை வீட்டில் காதுகுத்து. என் கணவருக்கு வேலை. மாமா ஓட்ட, அத்தை முன்னால், நானும் பாப்பாவும் பின்னால். காலையிலேயே குழந்தையின் உடம்பு லேசாகச் சுட்டது. அளந்து பார்த்தேன், காய்ச்சல் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. நான் வரவில்லை என்று சொல்லலாமா என்று குளியலறையில் நின்று யோசித்தேன். அத்தை சேலை கட்டி முடித்திருந்தார். கிளம்பிவிட்டேன்.

உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிக்கு வெகு தூரத்துக்கு முன்னாலேயே வரிசை நின்றுவிட்டது. வழக்கத்தைவிட மோசமான நெரிசல். நின்றபடியே ஒரு மணி நேரம். நாடாவின் மேல் சரியாக நின்றிருந்த முள், ஒரு மயிரிழை கீழே வந்திருந்தது. மாமா குனிந்து பார்த்தார். ஏசியை அணைத்துவிட்டு எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கினார்.

அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியா? இவருக்கு அந்த முள்ளுதான் மூத்த பொண்டாட்டி. நான் ரெண்டாவதுதான்."

"நீ வேற. முக்காலுக்குக் கொறைஞ்சா திருப்பி அனுப்பிருவான் லா. அபராதமும் போடுவான்."

"கால் டேங்குக்கு அரை நாளு. நல்ல லாபம்!"

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. பக்கத்தில் லாரிகளின் புகை, நடுவே மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல். பாப்பா அழுதாள், பிறகு சிணுங்கினாள், பிறகு சத்தமே இல்லை. கழுத்தில் கை வைத்தேன். கொதித்தது.

"மாமா, பாப்பாவுக்கு சூடா இருக்கு. கொஞ்சம் ஏசி போடலாமா?"

"இன்னும் பத்து நிமிசம்தான்மா. அந்தா சாவடி தெரியுது பாரு. தாண்டினதும் போட்டுடலாம்."

சரி மாமா என்றேன். ஈரத் துணியால் குழந்தையின் நெற்றியைத் துடைத்தேன். பத்து நிமிடம் என்றால் எத்தனை மூச்சு என்று எண்ணத் தொடங்கினேன். எத்தனையாவது என்று நினைவில்லை, பாப்பாவின் கண்கள் மேலே செருகின. கை கால்கள் விறைத்து வெட்டி வெட்டி இழுத்தன. நான் போட்ட கத்தலில் மாமா என்ற சொல் இல்லை. "போடுங்க! ஏசிய போடுங்க! வண்டிய திருப்புங்க!"

அவர் திரும்பி ஒரு நொடி குழந்தையைப் பார்த்தார். ஏசியைப் போட்டு, விளக்கை மின்னவிட்டு, ஓயாமல் ஹார்ன் அடித்தபடி ஓரத்துக்கு வந்தார். காவலர் ஒருவர் ஓடிவந்து உள்ளே பார்த்துவிட்டு, தடுப்பை நகர்த்தித் திரும்ப வழிவிட்டார். மருத்துவமனை வரை மாமா ஓட்டிய வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எந்த விளக்குக்கும் முன்கூட்டியே காலை எடுக்கவில்லை. முள்ளின் பக்கமே அவர் பார்வை போகவில்லை.

போய்ச் சேருவதற்குள் வலிப்பு நின்று பாப்பா வீறிட்டு அழுதாள். உலகத்திலேயே இனிமையான சத்தம். காய்ச்சல் திடீரென்று ஏறும்போது சில குழந்தைகளுக்கு இப்படி வருவதுண்டு, பயப்பட வேண்டாம் என்றார் மருத்துவர். காருக்குள் இருந்த சூடு காரணமா என்று கேட்டேன். இந்தக் காய்ச்சல் கிருமியால் வந்தது, குளிர்ந்த அறையில் படுத்திருந்தாலும் இது வந்திருக்கலாம் என்றார்.

வெளியே நடைவழியில் மாமா நின்றுகொண்டிருந்தார். உட்காரவில்லை. "டாக்டர் என்னம்மா சொன்னாங்க?"

"இப்ப பரவாயில்ல, மாமா." அவ்வளவுதான் சொன்னேன்.

மீதியைச் சொல்ல ஒரு வரி போதும். கோபத்தில் விழுங்கினேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளாக ஆக, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம் வந்துவிட்டது. அவர் அதன்பின் எண்ணெய்க்காக ஜோகூர் போகவே இல்லை. தள்ளுவண்டி பின்பெட்டியிலேயே கிடந்தது. ஒருநாள் பார்த்தேன், முக்காலில் இருந்த நாடாவைக் காணோம். பசையின் தடம் மட்டும் இருந்தது. நாடா பாதி அளவுக்கு இறங்கியிருந்தது. உன்னால் ஜோகூர் போவது நின்றுவிட்டது, இனி முக்கால் தேவையில்லை என்று எனக்குக் குத்திக் காட்டுகிறாரோ என்று நினைத்தேன். கேட்கவில்லை.

மாமா போன வருடம் காலமானார். சென்ற மாதம், இங்கே காருக்குத் தரும் பத்து வருட உரிமக் காலமும் முடிந்தது. புதிய கார் பார்க்கப் போனோம். பெட்ரோலிலும் மின்கலத்திலும் மாறி மாறி ஓடும் கார். ஒரு லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்று விற்பனையாளர் சொன்னதும் என் கணவர், "அப்பா இருந்திருந்தா ஷோரூம்லயே டான்ஸ் ஆடியிருப்பாரு," என்றார். நான் திரையில் முள்ளைத் தேடினேன். வெளிச்சக் கட்டங்கள்தான் இருந்தன. பாதிக்குக் குறைந்தால் இது ஏதாவது சொல்லுமா என்று கேட்டேன். தீரப் போகும்போது விளக்கு எரியும் என்றார் விற்பனையாளர்.

பழைய காரை ஒப்படைக்கும் அன்று நாடாவை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தேன். "இதை ஏன் பாதிக்கு இறக்கினாருன்னு தெரியுமா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"உன்கிட்ட சொல்லலையா? பாதிக்குக் கீழ எறங்குச்சுன்னா வெல பாக்காம எங்கயாச்சும் அடிச்சிருன்னு என்னைத் திட்டிக்கிட்டே இருப்பாரு. பாப்பாவத் தூக்கிட்டு எப்ப ஓட வேண்டியிருக்கும்னு தெரியாது, வண்டி ரெடியா இருக்கணும்னுவாரு."

இப்போது அந்த நாடா புதிய காரின் திரையோரத்தில், பாதிக் கட்டத்துக்கு நேராக இருக்கிறது. பசை காய்ந்துவிட்டதால் மேலே வேறு நாடா போட்டு ஒட்டியிருக்கிறேன். பாப்பாவுக்கு மூன்று வயது முடியப் போகிறது. அந்த வலிப்பு அவளுக்குத் திரும்ப வரவில்லை. நேற்று தேக்காவிலிருந்து திரும்பும் வழியில் வெளிச்சம் நாடாவைத் தொட்டது. இந்தக் காருக்கு அது இன்னும் பல நாள் ஓடப் போதும். விலைப் பலகையைப் பார்க்காமல் நிலையத்துக்குள் திருப்பினேன். எவ்வளவு என்று கேட்டார் பணியாளர். முழுத் தொட்டி என்றேன். பின்னிருக்கையில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். "சூட்டால வந்ததில்ல, மாமா," என்று நாடாவைப் பார்த்துச் சொன்னேன்.