அருந்ததியின் திரையில் தண்ணிமுறிப்பு

அருந்ததி முதன்முதலாகத் தொலைபேசியில் பேசியது கிருசாந்திக்கு இன்றைக்கும் வரி தவறாமல் நினைவிருக்கிறது. முல்லைத்தீவு நகரத்தில் கணினி திருத்தும் கடையொன்றில் அவள் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஏழு மாதம். முதலாளி சாமான் எடுக்க வவுனியாவுக்குப் போயிருந்தார். கடை திறந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

"பிள்ளை, கொம்பியூட்டர் பாக்கிற இடமோ?"

"ஓம், சொல்லுங்கோ."

"முள்ளியவளையில இருந்து கதைக்கிறன். வீட்டில ரெண்டு கொம்பியூட்டர் இருக்கு. என்ரையில மனுசன்ரை கொம்பியூட்டரின்ரை பேர் தெரியுதில்லை."

"ரெண்டும் வேலை செய்யுதோ அன்ரி?"

"ரெண்டும் வேலை செய்யுது. ரெண்டிலயும் இன்ரநெற் வருது. நேற்றுக் காலமை ரவுட்டர் மாத்தினவை. இடி விழுந்து பழையது எரிஞ்சு போச்சு. அதுக்குப் பிறகுதான் இப்பிடி."

"ஓவ் பண்ணி ஓன் பண்ணிப் பாத்தனீங்களோ?"

"மூண்டு தரம். நேரத்தோட பேப்பரில எழுதி வச்சிருக்கிறன். வாசிக்கவோ?"

"வேண்டாம் அன்ரி. கடையில நான் தனிய. சனிக்கிழமை வரட்டோ?"

"அப்ப சனிக்கிழமை வரைக்கும் அவர் கதைக்காமல் இருக்கோணும்."

"விளங்கேல்லை அன்ரி."

"வந்தால் விளங்கும். ஏலுமெண்டால் இண்டைக்கு வாரும்."

பின்னேரம் முதலாளி திரும்பியதும் கிருசாந்தி ஸ்கூட்டியில் வெளிக்கிட்டாள். அருந்ததி போனில் சொன்ன அடையாளமே போதும், வழி கேட்கத் தேவையிருக்கவில்லை. அவளுடைய ஊர் பூநகரி. பஸ் பிடித்துப் போய் வர ஒரு முழு நாள் வேண்டும் என்பதால் முள்ளியவளையில் ஒரு வீட்டின் பக்க அறையில் வாடகைக்கு இருந்தாள். அந்த அறைக்கும் கடைக்கும் நடுவில்தான் அருந்ததியின் வீடு. ஏழு மாதமாக, நாளுக்கு இரண்டு தரம், அந்தப் பச்சைப் படலையைக் கடந்து போயிருக்கிறாள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இரண்டு பக்கத்து வீடுகளும் பூட்டிக் கிடந்தன. அவற்றின் சொந்தக்காரர் வெளிநாட்டில்.

அருந்ததிக்கு ஐம்பத்து நாலு வயது. மெலிந்த உடம்பு, மூக்குக்கண்ணாடி நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கியது.

"நீர்தானோ போனில கதைச்ச பிள்ளை? குரல் பெரிய ஆள் மாதிரிக் கேட்டுது."

"அது போனில அன்ரி."

"இரும். கதிரையில தூசி இருந்தால் என்ரை குற்றம். மற்றதெல்லாம் கொம்பியூட்டரின்ரை குற்றம்."

முன் அறையில் ஒரு மேசைக் கணினி, அச்சு இயந்திரம், ஒரு கட்டுத் தாள். சுவரில் 'தமிழ், ஆங்கிலத் தட்டச்சு' என்று கையால் எழுதிய மட்டை. பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம், பாடசாலை வினாத்தாள், அந்தியேட்டிக் கிரியை அழைப்பு என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் அடிக்கவேண்டியதெல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். கிருசாந்தி திரையில் வலையமைப்புப் பட்டியலைத் திறந்தாள். வீட்டு வைஃபையில் உள்ள கணினிகள் எல்லாம் அதில் பெயரோடு நிற்க வேண்டும். ஒரே ஒரு பெயர் நின்றது: முத்தையன்கட்டு.

"இது உங்கடையோ?"

"ஓம். நான் பிறந்த இடம். அவற்றை லப்டொப்புக்குப் பேர் தண்ணிமுறிப்பு. ரெண்டும் குளம். அவர்தான் வச்சவர்."

கிருசாந்தி வேலையைத் தொடங்கினாள். புது ரவுட்டர்கள் சில நேரம் விருந்தாளிகளுக்கென்று தனி இணைப்பொன்றும் தரும். அதில் இருக்கும் கணினிகள் ஒன்றையொன்று பார்க்காது. அருந்ததி உள்ளே போய்ப் பார்த்துவந்து, இரண்டும் ஒரே இணைப்பில்தான் என்றார். குழுவின் பெயர் சரியாக இருந்தது. கோப்புப் பகிர்வும் சரி. ஒவ்வொன்றாக நிறுத்தி, திரும்ப இயக்கி, கணினியை மூடித் திறந்து பார்த்தாள். திறக்க நாலைந்து நிமிடம் எடுத்தது. அந்த நேரங்களில் அருந்ததி கதைத்தார்.

தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்து வயல் செய்தவர்கள். அருந்ததி தட்டச்சுப் பழகி, இருபத்திரண்டாம் வயதில் நீர்ப்பாசன அலுவலகத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தார். கனகலிங்கம் அங்கே படம் வரைபவர். குளக்கட்டு, துருசு என்கிற மதகு, வாய்க்கால் எல்லாம் அவர் கையால்தான் தாளுக்கு வரும். அருந்ததி அடிக்கிற கடிதத்தில் பிழை கண்டால் சொல்லமாட்டார். அழிக்கக்கூடிய மாதிரிப் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்துவிட்டுப் போவார்.

"அந்தப் புள்ளியிலதான் விழுந்தனான்," என்றார் அருந்ததி.

தொண்ணூற்றைந்தில் கலியாணம். பிள்ளைகள் இல்லை. போரின் கடைசி இடப்பெயர்வில் தட்டச்சு இயந்திரத்தைப் புதுக்குடியிருப்பு வரை தூக்கிக்கொண்டு போய், ஒரு பதுங்குகுழிக்குள் தறப்பாள் படங்கால் மூடிவிட்டு நடந்தார்கள். திரும்பி வந்தபோது அந்த இடமே அடையாளம் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் கணினி.

நாலு வருடத்துக்கு முன் கனகலிங்கத்துக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. கூப்பிடுவதற்கு அருந்ததி ஒரு மணி வாங்கிக் கட்டிலில் கட்டினார். அவர் அதைத் தொடவேயில்லை. கைபேசியும் சரிவரவில்லை, விரல் நடுங்கினால் திரை எங்கேயோ ஓடிவிடும். மூன்றாம் நாள், அச்சு எடுப்பதற்காக முந்தி அவரே தன் மடிக்கணினியில் பகிர்ந்து வைத்திருந்த கோப்புறைக்குள் புதிய கோப்பொன்று அருந்ததியின் திரையில் தெரிந்தது. அதன் பெயர், 'மணி மாட்டுக்கு'. திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து அவர்களுடைய கதை அப்படித்தான். கோப்பைத் திறந்து எழுதிச் சேமிக்க இடக்கை விரலுக்குப் பலமில்லை. வெறுங்கோப்பொன்றை உண்டாக்கிப் பெயரை மட்டும் அடிப்பார். 'தேத்தண்ணி.' 'ஆர் வந்தது.' 'மழை வருது உடுப்பை எடு.' கோப்பின் பெயரில் கேள்விக்குறி போட இயலாது என்பதால் கேள்விகளும் செய்தி மாதிரியே வந்தன. அருந்ததி தட்டச்சை நிறுத்தாமல் இங்கிருந்தே சத்தமாகப் பதில் சொல்லுவார். ஒரு கோப்பையும் அவர் அழிக்கவில்லை. நாலு வருடத்தில் பல ஆயிரம் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றின் அளவும் பூச்சியம்.

கிருசாந்தி ஒரு மணித்தியாலமாக முன் அறைக் கணினியோடுதான் மல்லுக்கட்டினாள். இரண்டு கணினியையும் பார்க்கவேண்டும் என்பது அவள் படித்த முதல் பாடம். ஆனால் மற்றது ஒரு நோயாளியின் அறைக்குள் இருந்தது. போகட்டுமா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. கடைசியில் கேட்டாள்.

"கொஞ்சம் பொறும்," என்று அருந்ததி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பத்து நிமிடம். பிற ஆட்கள் வந்தால் அவர் வெறும் மேலோடு இருக்கமாட்டார் என்று பிறகு சொன்னார்.

கனகலிங்கம் யன்னலோரம், வெள்ளைச் சேட்டோடு, தலை சீவி, வலப்பக்கம் தலையணை முண்டு கொடுத்துக் கதிரையில் இருந்தார். கதிரையின் இரண்டு கையிலும் பலகை போட்டு அதன்மேல் மடிக்கணினி. கிருசாந்தி வணக்கம் சொன்னாள். அவர் இடக்கைச் சுட்டுவிரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

பிழையைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடமும் ஆகவில்லை. புது வைஃபை அந்த மடிக்கணினியில் 'பொது இடம்' என்று பதிந்திருந்தது. பஸ் நிலையத்திலோ தேநீர்க் கடையிலோ இணைகிற மாதிரி. அப்படிப் பதிந்தால் கணினி மற்றவற்றின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். புது இணைப்பில் முதல்முறை சேரும்போது அது ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்கும்: இந்த வலையமைப்பில் உள்ள மற்றக் கணினிகள் உங்களைக் கண்டுபிடிக்க அனுமதிக்கிறீர்களா? ஓம், இல்லை என்று இரண்டு பொத்தான்.

"அங்கிள், நேற்று அப்பிடியொரு கேள்வி வந்ததோ? இல்லை எண்டு அமத்தினனீங்களோ?"

விரல் மெதுவாக நகர்ந்தது. கோப்புறைக்குள் ஒரு கோப்பு: 'ஓம்.'

"இங்கிலீசில இருந்ததால விளங்கேல்லையோ?"

அடுத்தது வர நேரம் எடுத்தது. 'விளங்கித்தான் அமத்தினனான்.' அதற்குக் கீழே இன்னொன்று: 'ஆர் தேடுறது எண்டு எழுதேல்லை.'

கிருசாந்தி அதை இரண்டு தரம் வாசித்தாள். தேடுகிற ஆள் யாரென்று தெரியாமல் தன்னைக் காட்டிக்கொடுக்கிற பதிலை இந்தப் பக்கத்தில் யார் சொல்வார்கள்? அவளிடம் கேட்டிருந்தாலும் அவள் 'இல்லை'யைத்தான் அமத்தியிருப்பாள்.

"எத்தினை அகதி முகாமில பேர் பதிஞ்சம்," என்றார் வாசலில் நின்ற அருந்ததி. "கேட்டதுக்கு மேல ஒரு சொல் வராது இவற்றை வாயில. ஆரைத் தேடி ஆர் வந்தாலும் தெரியாதுதான்."

"உங்கடையிலயும் கேட்டிருக்குமே அன்ரி?"

"கேட்டது. நான் ஓம் எண்டு அமத்தினன். இருபத்தெட்டு வருசமா இவருக்கு ஓம் சொல்லிப் பழகின விரல், அதுக்கு வேற தெரியாது."

கனகலிங்கத்தின் வாயின் இடப்பக்கம் மட்டும் சிரித்தது.

"அங்கிள், தேடுறது அன்ரிதான்," என்றாள் கிருசாந்தி. அம்புக்குறியைக் கொண்டுபோய் 'வீடு' என்ற இடத்தில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தாள். அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தானே அமத்தினார்.

முன் அறைக்கு வந்து பட்டியலைப் புதுப்பித்தபோது முத்தையன்கட்டுக்குக் கீழே தண்ணிமுறிப்பு வந்து நின்றது. கிருசாந்தி தன் கைபேசியையும் அந்த வைஃபையில் இணைத்து ஒருமுறை சரிபார்த்தாள். அதிலும் இரண்டு பெயரும் தெரிந்தன. அருந்ததி கதிரையை இழுத்துப்போட்டுக் கோப்புறையைத் திறந்தார். முந்திய நாள் வந்து சேராதவை எல்லாம் ஒரேயடியாகத் திரையில் இறங்கின.

'தலையணை விலகிட்டுது.' 'கால் இறுகுது.' 'சரியிறன்.' அதற்குக் கீழே 'அருந்ததி'. ஒரே பெயரில் இரண்டாவது கோப்பு வந்தால் கணினி தானாக இலக்கம் போடும். 'அருந்ததி (2)', 'அருந்ததி (3)' என்று ஒன்பது வரை போயிருந்தது. முதலாவது வந்த நேரம் ஒன்பது இருபது. கடைசி, பன்னிரண்டு ஐம்பது. அந்தக் கடைசிக் கோப்பின் பெயர், 'வேலை முடிச்சிட்டு வா'.

கிருசாந்தி வாசித்திருக்கக் கூடாது. வாசித்துவிட்டாள். பார்வையை அச்சு இயந்திரத்தின் பக்கம் திருப்பினாள்.

"நேற்று வினாத்தாள் அடிச்சுக்கொண்டிருந்தனான்," என்றார் அருந்ததி, திரையைப் பார்த்தபடியே. "நாப்பது பக்கம். இந்தச் சுவருக்கு அங்கால நான் அடிக்கிற சத்தம் அவருக்குக் கேக்கும். முதல்நாள் இடி விழ முந்தித் தேத்தண்ணிக்குச் சீனி கூட எண்டு அனுப்பினவர். எனக்குக் கோவம், பதில் சொல்லேல்லை. புது ரவுட்டர் போட்ட பிறகும் ஒண்டும் வரேல்லை. அவருக்கும் கோவமாக்கும் எண்டு இருந்திட்டன். ஒரு மணிக்குச் சோத்தோட போறன், ஆள் கதிரையில இருந்து பாதி வழுகி, கழுத்து மடிஞ்சுபோய்க் கிடக்கிறார்."

அவர் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சீலைத்தலைப்பால் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டபோது திரையில் புதிய கோப்பொன்று நின்றது. 'பிள்ளைக்குத் தேத்தண்ணி.' இருவரும் பார்த்துக்கொண்டிருக்க இன்னொன்றும் வந்தது. 'சீனி குறைச்சு.'

"பாத்தீரே?" என்றார் அருந்ததி. உள் அறைப் பக்கம் திரும்பி, "சீனி போடுறதும் போடாததும் குசினிக்குள்ள நிக்கிறவளின்ரை இஸ்டம்," என்று சத்தமாகச் சொன்னார்.

தேநீரைக் குடித்து முடித்து வெளிக்கிடும்போது ஆறு மணி. அருந்ததி படலை வரை கூட வந்தார். பூட்டிக் கிடக்கிற பக்கத்து வீட்டு முற்றத்தில் காய்ந்த தென்னோலைகள் விழுந்தபடியே கிடந்தன. ஒழுங்கையில் ஆள் நடமாட்டமில்லை.

"இதில நிண்டு பாத்தாலும் உம்மட போனில தெரியுமோ?"

கிருசாந்தி கைபேசியை எடுத்துப் பார்த்தாள். ரவுட்டர் முன் யன்னலடியில்தான் இருந்தது. "தெரியுது அன்ரி. ரெண்டும்."

அருந்ததி எட்டி அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார். இரண்டு குளத்தின் பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன. படலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நீர் ஒவ்வொரு நாளும் இந்த வழியாலதானே போறனீர். இதில ஒரு நிமிசம் நிப்பாட்டிப் போனைப் பாரும். ரெண்டு பேரும் தெரிஞ்சால் நீர் உம்மட பாட்டில போம். ரெண்டும் தெரியாட்டி கரண்ட் போச்சு, பயப்பட வேண்டாம். ஒண்டு மட்டும் தெரிஞ்சால், பிள்ளை, வாசலில நிண்டு கூப்பிடாதேயும். நேர உள்ளுக்கு வாரும்."