இருமல் மேடமும் நான் பிய்த்த அட்டையும்

நான் ஏசி மெக்கானிக். அந்த ஆபீசில் கடிதம் டைப் அடிக்கிற அம்மாவுக்கு எல்லாரும் வைத்த பேர் ‘இருமல் மேடம்’. ஒன்பது வருஷமாக ஒரே நாற்காலி. தலைக்கு நேர் மேலே குளிர்காற்று வருகிற வாய். அதை ஃபைல் அட்டையால் மூடி வைப்பார். சர்வீசுக்குப் போகும்போதெல்லாம் நான் பிய்த்துப் போடுவேன்.

“ஏம்மா, மெஷினுக்கு மூச்சுத் திணறாதா?”

“எனக்குத் திணறுதே, அதை யார் கேக்கறது?”

போன வாரம் அவர் மேஜையில் ராஜினாமா கடிதம் இருந்தது. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருத்தர்தான்.

“லீவு நாள்ல இருமலே இல்ல அண்ணே. இங்க வந்து உக்காந்தாத்தான் வருது. டாக்டர் வேலையை விடச் சொல்லிட்டார்.”

எனக்குச் சுருக்கென்றது. ஏணி போட்டு ஏறி, முதல் தடவையாக உள்தகரத்தைக் கழற்றினேன். தொப்பென்று அந்தக் கடிதத்தின் மேல் ஒரு கறுப்புக் கட்டி விழுந்தது. நனைந்த கம்பளி மாதிரி பூஞ்சை. உள்ளே கை எட்டுகிற மட்டும் அதுதான். உடனே மெஷினை நிறுத்தினேன்.

“யாருய்யா நிறுத்தினது?” என்று மேனேஜர் ஓடி வந்தார்.

அந்த அம்மா கடிதத்தைக் கட்டியோடு தூக்கி அவரிடம் நீட்டினார். “நீங்களே சொல்லுங்க சார். வெளிய போக வேண்டியது நானா, இதுவா?”

மேனேஜர் என்னை முறைத்தார். “மாசாமாசம் சர்வீஸ் முடிஞ்சதுன்னு எழுதினியே?”

“முன்னாடி இருக்கிற தூசி வலையை மட்டும்தான் சார் கழுவினேன். அப்புறம் நாத்தம் தெரியாம இருக்க சென்ட் அடிச்சேன்” என்றேன்.